வாகனக் கேள்வி–பதில்: பழைய பிக்கப்பின் முன் சஸ்பென்ஷனும் கையிருப்புப் பணமும்

அமெரிக்காவில் வாழும் நம் வாசகர்கள் சிலர் அரை நூற்றாண்டுக்கும் முந்தைய பிக்கப் வண்டிகளை வாங்கி, தங்கள் விருப்பப்படி மாற்றியமைத்துக்கொண்டிருக்கிறார்கள். இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, அத்தகைய வண்டிகளின் முன் சஸ்பென்ஷனைப் பற்றியவை; சக்கரங்களை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பு அது. நால்வருடைய கவலையும் செலவுதான் என்பதால் வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, சென்ற ஆண்டு 1956 மாடல் ஃபோர்டு எஃப்-100 பிக்கப் ஒன்றை வாங்கினேன். பழைய 272 கன அங்குல வி8 எஞ்சின் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் மணிக்கு 50 மைலைத் தாண்டியதும் வண்டி சாலையில் அலைபாய்கிறது. பிரேக்கை மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது. முன்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தவும் ஆசை. கையில் 2,500 டாலர் இருக்கிறது. பழைய ஆக்ஸிலை வெட்டி எறிந்துவிட்டு மஸ்டாங் 2 காரைப் பின்பற்றிய முன் சஸ்பென்ஷன் கிட் போடும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். இணையத்தில் மலிவான கிட்களும் கண்ணில் படுகின்றன. எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், சான் அன்டோனியோ, டெக்சாஸ்

பதில்: வாங்குவதற்கு முன் அரை நாள் செலவழித்து ஒரு சோதனையைச் செய்யுங்கள். உங்கள் வண்டியின் முன்பக்கம் ஒரே எஃகுத் துண்டாக அடித்துச் செய்த ஐ-பீம் ஆக்ஸிலும் இரண்டு லீஃப் ஸ்பிரிங்குகளும் கொண்டது. நம் ஊர் லாரிகளின் முன்னச்சைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, டயரின் மேல்முனையையும் கீழ்முனையையும் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், உதவிக்கு ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் சக்கரத்தின் பேரிங்கில் இருக்கிறது. பிரேக் பிடித்த பிறகும் ஆடினால், சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் கிங் பின்னும் அது உட்காரும் உறைகளான புஷ்களும் தேய்ந்திருக்கின்றன. அடுத்து, எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கை மெல்ல இருபுறமும் திருப்புங்கள். சக்கரம் அசையத் தொடங்கும் முன் ஸ்டீயரிங் எவ்வளவு வெறுமனே சுற்றுகிறது என்பதைக் கவனித்தால் ஸ்டீயரிங் பெட்டி, அதிலிருந்து சக்கரங்களுக்குத் திருப்பத்தைக் கொண்டுசெல்லும் டிராக் லிங்க், டை ராட் முனைகள் ஆகியவற்றின் நிலைமை தெரிந்துவிடும்.

இப்படி அலைபாய்கிற பழைய எஃப்-100 வண்டிகளை நான் பார்த்தவரையில், ஆக்ஸிலின் வடிவமைப்பைவிட அதன் தேய்மானமே பெரும்பாலும் குற்றவாளியாக இருந்திருக்கிறது. கிங் பின் செட் ஒரு நல்ல டயரின் விலைக்கு மேல் போகாது. புதிய புஷ்களை அழுத்திச் செருகிய பிறகு அவற்றைப் பின்னின் அளவுக்கு ரீமர் கொண்டு கடைந்தெடுக்க வேண்டும். அந்த வேலையை மட்டும் பழக்கமுள்ள லேத் பட்டறையிடம் கொடுத்துவிடுங்கள்.

தேய்மானத்துக்கு அடுத்த சந்தேகம் காஸ்டர் கோணத்தின் மீது. கிங் பின்னின் மேல்முனை சற்றுப் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால்தான் சக்கரம் தானாக நேர்கோட்டுக்குத் திரும்புகிறது. அந்தச் சாய்வு 3 முதல் 5 டிகிரி வரை இருந்தால் இத்தகைய வண்டி நெடுஞ்சாலையில் அடங்கி ஓடும். முன்பக்கத்தை மட்டும் தாழ்த்துகிறவர்கள் மறந்துவிடுகிற விஷயம் ஒன்று இங்கே உண்டு. உங்கள் வண்டியின் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம்) 110 அங்குலம். முன்பக்கம் மட்டும் 2 அங்குலம் இறங்கினால் சேஸிஸ் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து, காஸ்டரில் ஏறத்தாழ 1 டிகிரி காணாமல் போகும். அதை ஈடுகட்ட, ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே வைக்கிற ஆப்பு வடிவத் தகடுகள் விற்கின்றன. சில டாலர்கள்தாம் விலை என்றாலும், இந்தப் பட்டியலில் அவற்றுக்கு இணையாகப் பலன் தருவது வேறில்லை.

பிரேக் இழுப்பது தனி விஷயம். உங்கள் வண்டியில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டரோ ஒற்றை அறை கொண்டது. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் மொத்தப் பிரேக்கும் போய்விடும் என்பது இதன் பொருள். அமெரிக்கக் கார்களில் 1960-களின் பிற்பகுதியில்தான் இரட்டைச் சுற்று பிரேக் கட்டாயமாயிற்று. ஆகவே, சக்கரம் சுழலும் அச்சான பழைய ஸ்பிண்டிலிலேயே பொருத்தக்கூடிய டிஸ்க் பிரேக் கிட், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் இரண்டையும் முதல் செலவாக எழுதிக்கொள்ளுங்கள். மாஸ்டர் சிலிண்டர் காலடித் தரைக்குக் கீழே, சக்கரத்தில் டிஸ்க்கைப் பற்றிப் பிடிக்கும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்குமானால், எண்ணெய் பின்வாங்கி ஓடாதிருக்க டிஸ்க் பக்கம் 2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு), டிரம் பக்கம் 10 பிஎஸ்ஐ என, குழாயில் சிறிதளவு அழுத்தத்தை நிறுத்திவைக்கும் எஞ்சுஅழுத்த வால்வுகள் தேவை. இவற்றை விட்டுவிட்டு, பெடல் இரண்டு முறை மிதித்த பிறகே பிடிக்கிறது என்று வருந்துகிறவர்கள் பலர்.

தாழ்த்துவதற்கு, லீஃப் ஸ்பிரிங் கட்டிலிருந்து ஒன்றிரண்டு பட்டைகளைக் கழற்றலாம். சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தால், இதற்கென்றே வளைவைக் குறைத்துச் செய்த புதிய ஸ்பிரிங்குகளை வாங்கலாம். இன்னும் தாழ வேண்டுமென்றால் நடுப்பகுதி கீழ்நோக்கி வளைந்த டிராப் ஆக்ஸில் இருக்கிறது. ஆக்ஸில் இறங்கினால் டிராக் லிங்க்கின் சாய்வும் மாறும் என்பதால், ஸ்டீயரிங் ஆர்மையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானாகத் திரும்பும்.

இனி மஸ்டாங் 2. ஃபோர்டு நிறுவனம் 1974 முதல் 1978 வரை விற்ற அந்தக் கார், மஸ்டாங் ரசிகர்களிடம் இன்றுவரை ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதன் முன் சஸ்பென்ஷன் சிறியது, குறுகலானது, பற்கள் வெட்டிய தண்டைச் சிறு பற்சக்கரம் நகர்த்தும் ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் கொண்டது. பழைய சேஸிஸ்களுக்குள் எளிதாக அடங்குவதால் காரைவிட நீண்ட ஆயுள் அதற்கு வாய்த்தது. இன்று அந்தப் பெயரில் விற்கிற கிட்டில் பழைய காரின் பாகம் ஒன்றுகூட இருக்காது. அந்த அமைப்பைப் பின்பற்றிப் புதிதாகச் செய்தவையே எல்லாம்.

அது தரமற்றது என்று நான் சொல்லவில்லை. தினமும் 70 மைல் வேகத்தில் நெடுஞ்சாலையில் அலுவலகம் போய்வருகிறவருக்கு, சரியாகப் பொருத்தப்பட்ட மஸ்டாங் 2 அமைப்பு ஐ-பீமைவிட மேலானது. ஆனால் விளம்பரத்தில் நீங்கள் பார்க்கிற விலை கிட்டின் விலை மட்டும்தான். உங்கள் சேஸிஸின் நீளத் தண்டுகள் ஒரு பக்கம் திறந்த சி வடிவம் கொண்டவை. கிட்டின் குறுக்குச் சட்டத்தை வெல்டிங் செய்யும் முன் அந்த இடத்தைத் தகடு வைத்துப் பெட்டியாக மூட வேண்டும். ஆயில் பேனின் குழி முன்பக்கம் இருந்தால் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். ஸ்டீயரிங் தண்டுக்குப் புதிய யூ-ஜாயின்ட்கள் வேண்டும். உங்கள் பின் சக்கரத்தின் ஐந்து போல்ட்டுகள் 5.5 அங்குல வட்டத்தில் அமைந்தவை, பெரும்பாலான கிட்களோ 4.5 அல்லது 4.75 அங்குல வட்டத்தில் வருகின்றன. எனவே அளவு ஒத்த ரோட்டரை, அதாவது பிரேக் வட்டத்தட்டை, தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது பின் ஆக்ஸிலையும் மாற்ற வேண்டும். பவர் ஸ்டீயரிங் வைத்தால், பம்பின் அழுத்தம் அந்த ரேக்குக்கு அதிகமாக இருந்து, விரல் பட்டாலே வண்டி துள்ளும். அழுத்தத்தைக் குறைக்கத் தனிப் பாகம் தேவைப்படும். இவற்றையெல்லாம் கூட்டி, வெல்டரின் கூலியையும் சேர்த்தால், கிட்டின் விலையைப் போல இரு மடங்கு வந்து நிற்பது சாதாரணம்.

மிக மலிவான கிட் ஒன்றை நானே ஒரு முறை வாங்கியிருக்கிறேன். சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேல் கண்ட்ரோல் ஆர்மைத் தாங்கும் இரண்டு கோபுரங்களில் ஒன்று மற்றதைவிட அரை அங்குலம் பின்தள்ளி வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. அதைப் பொருத்திய பிறகு, சக்கரக் கோணங்களைச் சரிபார்க்கும் அலைன்மென்ட் மேடையில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் காஸ்டர் ஒத்துவரவே இல்லை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. வெட்டி எடுத்து மறுபடி வெல்டிங் செய்ததற்கு ஆன செலவில், தொடக்கத்திலேயே நல்ல கிட் வாங்கியிருக்கலாம். ஆகவே இந்தக் கிட்டை வாங்குவதானால் விலையைப் பார்க்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: குறுக்குச் சட்டம் இந்த எஃப்-100 சேஸிஸின் அளவுக்கென்றே செய்யப்பட்டதா, அல்லது எல்லா வண்டிக்கும் பொதுவானதா? ரேக்கின் இரு முனை மூட்டுகளும், மேல் கீழ் கண்ட்ரோல் ஆர்ம்களின் உட்பக்க மூட்டுகளை இணைக்கும் கற்பனைக் கோட்டின் மீது விழுகின்றனவா? இரண்டாவது கேள்விக்கு விற்பவரிடம் பதில் இல்லையென்றால், சக்கரம் மேலும் கீழும் போகும்போது தானாகத் திரும்புகிற நோய் அந்தக் கிட்டில் இருக்கக்கூடும்.

என் முடிவான ஆலோசனை: உங்கள் 2,500 டாலருக்கு ஐ-பீமை வைத்துக்கொள்ளுங்கள். கிங் பின், காஸ்டர் தகடு, டை ராட் முனைகள், டிஸ்க் பிரேக், இரட்டை மாஸ்டர் சிலிண்டர், தாழ்ந்த ஸ்பிரிங், புதிய ஷாக் அப்சார்பர் ஆகிய அனைத்தும் அந்தத் தொகைக்குள் அடங்கும். ஸ்டீயரிங் பெட்டியைச் செப்பனிடவும் ஏதேனும் மிஞ்சலாம். இவற்றில் எதற்கும் சேஸிஸை வெட்ட வேண்டியதில்லை. இந்த உடலமைப்பில் அந்த ஓராண்டுக்கு மட்டுமே வந்த வளைகண்ணாடி கொண்ட வண்டி உங்களுடையது. பிற்காலத்தில் அதை அசல் நிலையில் விரும்பி வாங்க ஒருவர் வந்தால், வெட்டாத சேஸிஸுக்கு அவர் தருகிற விலை வேறாக இருக்கும்.

கேள்வி: என்னிடம் 1968 செவ்ரோலே சி10 இருக்கிறது. முன்பக்கத்தை 3 அங்குலம் இறக்க வேண்டும். காயில் ஸ்பிரிங்கை வெட்டினால் காசே செலவாகாது என்கிறார் அண்டை வீட்டுக்காரர். செய்யலாமா?
– வாசகர் ஒருவர், பீனிக்ஸ், அரிசோனா

பதில்: அண்டை வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. ஸ்பிரிங்கை வெட்டலாம், ஆனால் மூன்று செய்திகளைத் தெரிந்துகொண்டு வெட்ட வேண்டும். கேஸ் டார்ச்சால் வெட்டவோ சூடேற்றித் தொய்ய வைக்கவோ கூடாது. எஃகின் பதம் போய்விடும், ஒரு நாள் நடுவழியில் முறியும். வெட்டும் சக்கரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டாவதாக, ஸ்பிரிங் கண்ட்ரோல் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால், ஸ்பிரிங்கின் உயரத்தில் 1 அங்குலம் குறைந்தால் வண்டி ஏறத்தாழ 2 அங்குலம் இறங்கும். சிறிது சிறிதாக வெட்டிப் பார்க்காமல் ஒரு முழுச் சுற்றை எடுத்துவிட்டு வருந்தியவர்கள் உண்டு. மூன்றாவதாக, சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். இயங்கும் சுற்றுகள் எட்டு இருந்து ஒன்றை வெட்டினால், விறைப்பு 14 சதவிகிதம் கூடிவிடுகிறது. அதே வேளையில் சக்கரம் மேலே செல்லும் இடைவெளியும் குறைந்துவிடுவதால், குழி வந்தால் ஆர்ம் ரப்பர் கட்டையில் மோதும்.

உங்கள் வண்டிக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. டிராப் ஸ்பிண்டில் என்று விற்பதில் சக்கரத்தின் அச்சு 2.5 அங்குலம் மேலே தள்ளி அமைக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்கும் கண்ட்ரோல் ஆர்ம்களின் கோணமும் அப்படியே இருக்க, வண்டி மட்டும் இறங்கும். சவாரியின் மென்மை கெடாது. மீதமுள்ள அரை அங்குலத்தை ஸ்பிரிங்கில் சிறிது வெட்டி ஈடுகட்டலாம், அல்லது மறந்தும் விடலாம். பார்க்கிறவர்கள் யாரும் அளவுகோல் கொண்டு வரப்போவதில்லை. 15 அங்குலத்துக்குச் சிறிய சக்கரம் இந்த ஸ்பிண்டிலில் உரசக்கூடும் என்பதை மட்டும் முன்கூட்டியே சரிபாருங்கள்.

இன்னொரு சிக்கனமும் இதிலேயே இருக்கிறது. சி10 வண்டிகளுக்கு முன் டிஸ்க் பிரேக் 1971 மாடலில்தான் வழக்கமான பாகமாக வந்தது, உங்களுடையது டிரம். டிஸ்க்குக்கென்று அமைந்த டிராப் ஸ்பிண்டிலை வாங்கினால் தாழ்த்துவதும் பிரேக்கும் ஒரே வேலையில் முடிந்துவிடும். அந்த ஸ்பிண்டிலுக்குப் பொருந்தும் பால் ஜாயின்ட்களையும் (ஸ்பிண்டிலை ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டுகள்) டை ராட் முனைகளையும் அதனுடனேயே வாங்குங்கள். பழைய முனையின் கூம்பு புதிய துளையில் உட்கார்ந்ததுபோலத் தோன்றினாலும் அளவு மாறியிருக்கலாம். அதே 1971-இல் சக்கரப் போல்ட்டுகளும் ஆறிலிருந்து ஐந்தாகக் குறைந்தன. உங்கள் பின் சக்கரம் ஆறு போல்ட் கொண்டது என்பதால், ரோட்டரை வாங்கும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு போல்ட் ரோட்டர்களும் கிடைக்கின்றன.

1973 முதல் 1987 வரையிலான சி10-இன் முன் குறுக்குச் சட்டத்தை ஆர்ம், ஸ்பிண்டில், டிஸ்க் என்று முழுதாகக் கழற்றி, 1963 முதல் 1972 வரையிலான வண்டிகளின் சேஸிஸில் சில துளைகள் போட்டு போல்ட் செய்கிறவர்கள் பலர். பழைய வண்டி உடைக்கும் யார்டில் முழு அமைப்பும் நல்ல விலைக்குக் கிடைத்தால், புதுப் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்குவதைவிட இது மலிவு. அவற்றின் ரோட்டர்கள் 1 அங்குலம், 1.25 அங்குலம் என இரு தடிமனில் வந்தன. ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் வேறொன்று என்று கலந்துவிடாதீர்கள்.

கேள்வி: 1969 ஃபோர்டு எஃப்-100 வைத்திருக்கிறேன். பழைய போலீஸ் கார்களில் இருந்த கிரவுன் விக்டோரியாவின் முன்பக்கத்தைப் பொருத்துகிறார்களே, அது எனக்குக் கட்டுபடியாகுமா?
– வாசகர், அட்லாண்டா, ஜார்ஜியா

பதில்: வெல்டிங் உங்களுக்கே கைவந்தால் கட்டுபடியாகும், கூலிக்கு ஆள் வைத்தால் கணக்கு மாறிவிடும். 2003 முதல் 2011 வரையிலான கிரவுன் விக்டோரியா, கிராண்ட் மார்கீ, டவுன் கார் ஆகிய மூன்றிலும் முன் சஸ்பென்ஷன் முழுவதும் ஓர் அலுமினியக் குறுக்குச் சட்டத்தில் அமைந்து, ரேக் ஸ்டீயரிங்கோடு மொத்தமாகக் கழன்று வரும். யார்டுகளில் இதற்குச் சில நூறு டாலர்தான் கேட்பார்கள். பெரிய டிஸ்க் பிரேக்கும் அதிலேயே அடக்கம். அலுமினியத்தை எஃகோடு வெல்டிங் செய்ய முடியாது என்பதால், உங்கள் சேஸிஸில் எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்து அவற்றில் இதை போல்ட் செய்ய வேண்டும்.

உங்கள் 1969 வண்டியின் அகலத்துக்கு இது ஒத்துவரும். இதையே 1953–56 எஃப்-100-இல் போட்டால் டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தும் என்பதால், மேலே சான் அன்டோனியோ வாசகருக்கு நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. சக்கரங்கள் நன்றாக உள்வாங்கிய ஆஃப்செட் கொண்டவையாக இருக்க வேண்டும். பழைய எஃப்-100 சக்கரங்கள் உதவா. போல்ட் வட்டம் 4.5 அங்குலம் என்பதால் பின்பக்கமும் அதற்கு இணையாக வேண்டும். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குலப் பின் ஆக்ஸிலை இதற்குத் தேடுகிறவர்கள் அதிகம்.

இவ்வளவு வேலை வேண்டாம் என்றால், 1965-இல் ஃபோர்டு அறிமுகப்படுத்திய ட்வின் ஐ-பீமையே வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு சக்கரமும் தனி பீமில் ஊசலாடுவதால், வெறும் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றித் தாழ்த்தினால் சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து, டயரின் உள்விளிம்பு சில ஆயிரம் மைலிலேயே தேய்ந்துபோகும். தாழ்த்துவதற்கென்றே வடிவமைத்த டிராப் பீம்களை வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: பணத்தை மிச்சப்படுத்த எந்தப் பாகங்களைப் பழையதாக வாங்கலாம், எவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும்? பாலியூரத்தேன் புஷ் ரப்பரைவிடச் சிறந்ததா? எல்லாம் பொருத்திய பிறகு அலைன்மென்ட் அளவுகள் எவ்வளவு இருக்க வேண்டும்?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: குறுக்குச் சட்டம், கண்ட்ரோல் ஆர்ம், ஸ்பிண்டில் ஆகிய மூன்றையும் தயங்காமல் பழையதாக வாங்கலாம். ஸ்பிண்டிலை நன்றாகக் கழுவி, பேரிங் உட்காரும் இடத்தில் நீலம் பாரித்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்ம் விபத்தில் வளைந்ததா என்பதை இடது வலது இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தெரியும். பால் ஜாயின்ட், டை ராட் முனை, பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே வேண்டாம். அவற்றிலும் சி10 போன்ற வண்டிகளில், எடையைத் தாங்குவது கீழ் பால் ஜாயின்ட்தான். பெயர் தெரியாத மலிவுப் பெட்டியை அந்த இடத்துக்கு வாங்காதீர்கள். மேல் ஆர்மைப் பளபளக்கும் குழாய் ஆர்மாக மாற்றுவதற்கு வைத்திருக்கிற பணத்தை அங்கே போடுங்கள். குழாய் ஆர்ம் அழகுதான், ஆனால் தெருவில் ஓடும் வண்டிக்குச் செப்பனிட்ட பழைய தகட்டு ஆர்மே போதும்.

புஷ் விஷயத்தில் நான் ரப்பரின் கட்சி. பாலியூரத்தேன் அதிக நாள் உழைக்கும், திருப்பத்தில் ஆர்மை அசையவிடாது. ஆனால் கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், சாலையின் ஒவ்வொரு பிளவையும் ஸ்டீயரிங் வரை கொண்டுவரும். ரப்பர் புஷ்ஷைப் பொருத்தும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே அதன் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்குண்டு சீக்கிரம் கிழியும். வண்டியின் முழு எடையும் சக்கரங்களின் மேல் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும்.

அலைன்மென்ட் கடைக்காரரின் கணினியில் உங்கள் வண்டிக்கான அளவாக, தொழிற்சாலையில் அந்தக் காலத்து டயர்களுக்கென்று கொடுத்ததே இருக்கும். மாற்றியமைத்த வண்டிக்கு, ரேடியல் டயரோடு, காம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி சாயும் கோணம்) 0 முதல் அரை டிகிரி வரை உட்சாய்வு, காஸ்டர் 3 முதல் 5 டிகிரி, டோ-இன் (இரு சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கி நெருங்கும் அளவு) ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு முதல் எட்டில் ஒரு பங்கு வரை என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியானால் காஸ்டரை 3 டிகிரியின் பக்கமே வைக்கச் சொல்லுங்கள், வண்டியை நிறுத்தும்போது கை வலிக்காது. புதிய ஸ்பிரிங்குகள் சில நூறு மைல் ஓடிய பிறகு சற்று அமர்ந்துவிடும். ஆகவே முதல் அலைன்மென்ட்டை ஓட்டிச் செல்லும் அளவுக்கு மட்டும் செய்துகொண்டு, போல்ட்டுகளை மறுபடி இறுக்கிய பிறகு இரண்டாம் முறை முழுமையாகச் செய்யச் சொல்லுங்கள். பல கடைகள் இரண்டாம் முறைக்குத் தனியாகப் பணம் கேட்கும் என்பதால் முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.